கண்ணாடி இல்லாத அறை

பார்லர் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளை எல்லோருக்கும் தெரியும். மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. எதிர்ச்சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. ஒரு முறை வந்து முடி வெட்டிக்கொண்டு போன பெண்ணை நாலைந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிடும். "போன தடவை வலது பக்கம் வகிடு எடுத்தோம், இல்ல?" என்பாள். வந்தவள் அசந்து போவாள். இந்த ஞாபகமும் வாய் நிறையப் பேச்சும்தான் கடைக்கு விளம்பரம்.

அவள் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்ற செய்தி பரவியபோது தெரு சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நாற்பதைத் தாண்டியவள், வளர்ந்த மகள் இருப்பவள், இப்போது போய்ப் புத்தகமும் கையுமாக நின்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

கணவனின் தம்பி வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து வம்பிழுத்துவிட்டுப் போவான்.

"அண்ணி, நீங்க படிச்சு முடிக்கிறப்போ உங்களுக்கே பல்செட்டு மாட்டணும். அதை நீங்களே செஞ்சுக்கலாம், காசு மிச்சம்."

"உங்களுக்குத்தான் தம்பி முதல்ல புடுங்குவேன். ஊசி போடாம."

"பாத்தியாண்ணே? டாக்டர் ஆகறதுக்கு முன்னாடியே மிரட்டுறாங்க."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவன். "நீ வாயை மூடிட்டு இருந்தா உன் பல்லு பத்திரமா இருக்கும்டா" என்று மட்டும் சொல்வான்.

அவளுக்கு இந்த ஆசை வந்தது கடையில்தான். கண்ணாடி முன்னால் உட்காரும் பெண்கள் சிரிக்கும்போது பலருக்குக் கை தானாக மேலே வரும், வாயை மறைக்கும். புருவம் திருத்தி, முடி அலங்கரித்து, முகத்தை விளக்குப் போலத் துடைத்து வைத்தாலும், புகைப்படம் எடுப்பவர் "கொஞ்சம் சிரிங்க" என்றால் உதட்டை இறுக்கிக்கொள்ளும் மணப்பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். நான் செய்ததெல்லாம் வாசல் வரைக்கும்தான், கதவு திறக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றும். பள்ளியில் உயிரியல் பிடித்த பாடம். கல்யாணம், குழந்தை, கடை என்று காலம் ஓடிவிட்டது. பிறகு கணவனிடம் தயங்கித் தயங்கிச் சொல்லி, மாலைக் கல்லூரியில் சேர்ந்து, விட்ட படிப்பைத் திரும்பப் பிடித்தாள். மகளும் அவளும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள்.

"அம்மா, இந்தக் கணக்கை நேத்தே சொல்லிக் குடுத்தேன்ல? தலையில ஏறுதா, இல்ல முடியோட சேத்து வெட்டிப் போட்டுட்டியா?" என்பாள் மகள்.

அந்தக் கல்லூரி, வயதில் மூத்தவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருந்தது. எழுத்துத் தேர்வில் போன வருடமே அவள் தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வில் தவறிவிட்டாள். இனி அடுத்த வருடத்திலிருந்து அந்த ஒதுக்கீடு கிடையாது என்று கல்லூரி அறிவித்துவிட்டது. ஆகவே இந்த முறை விட்டால் பிறகு இல்லை.

தவறியதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தவறிய இடம்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நேர்முகத் தேர்வில் அறைக்கு ஒரு சோதனை. ஓர் அறையில் நோயாளியாக நடிக்க ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். அவரிடம் ஒரு கசப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். முன்பற்கள் முழுவதையும் எடுக்க வேண்டும் என்பது போல. அதை எப்படிச் சொல்கிறோம் என்பதற்கு மதிப்பெண். மற்ற அறைகளில் அவளுக்கு நல்ல மதிப்பெண். 'நோயாளியிடம் பேசுதல்' என்ற இந்த ஒன்றில்தான் படு மோசம்.

பேச்சில் தோற்றதை அவளால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து இரவு வரை பேசியே பிழைப்பவள். அன்றும் இதமாக, அன்பாகத்தானே பேசினாள்? தோளில் கை வைத்து, "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும், அழகா பல்லு கட்டிக்கலாம், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருப்பீங்க" என்று சொன்னாளே!

"விண்ணப்பத்துல பார்லர்க்காரின்னு எழுதியிருந்தேன்ல, அதான். முடி வெட்டுறவளுக்கு என்ன டாக்டர் படிப்புன்னு நினைச்சிருப்பாங்க" என்று கணவனிடம் பொருமினாள்.

"அப்படின்னா மத்த அறையில எப்படி மார்க் போட்டாங்க?" என்றான் அவன்.

ஆனாலும் மனக்கசப்பு போகவில்லை. பிரார்த்தனையில்கூட, "ஆண்டவனே, நான் என்ன தப்பு செஞ்சேன்னாவது சொல்லு" என்று சண்டைதான் போட்டாள். கேட்டவர்களுக்கு ஆண்டவன் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் பதிலை எந்தக் கதவு வழியாக அனுப்புவான் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

இந்த வருடத் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஆளில்லாத ஒரு மத்தியான நேரத்தில், ஓர் அம்மாள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். நரைத்த முடி, இடுப்பைத் தொடும் நீளம்.

"தோள் வரைக்கும் வெட்டிடும்மா. சீவறதுக்குக் கை தூக்க முடியல. தோள்பட்டை உயிர் போகுது."

"இவ்வளவு முடிய வெட்டச் சொல்றீங்களேம்மா, எனக்கே மனசு வரல."

"உனக்கு வரலேன்னா என்ன, எனக்கு வந்துடுச்சு. வெட்டு."

அவள் சிரித்துக்கொண்டே துணியைப் போர்த்தி, கழுத்தோரம் செருகி, தோளை மெல்ல அழுத்தி அவரை நேராக உட்கார வைத்தாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இந்தக் கை எனக்குத் தெரியும்."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களாம்மா? இல்லையே. வந்திருந்தா எனக்கு மறக்காதே."

"நான் இங்க வரல. நீதான் என்கிட்ட வந்த. பல் காலேஜ்ல. என் முன்பல்லு எல்லாத்தையும் புடுங்கணும்னு சொன்னியே, போன வருஷம்."

எடுத்த கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. அவள் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தாள். அகன்ற நெற்றி. மூக்கின் ஓரத்தில் மிளகளவு ஒரு மரு. கண்ணுக்குக் கீழே சுருக்கம் வலை மாதிரி. ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கக்கூடிய முகமே இல்லை. அவளோ அதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்ப்பவள் போல நின்றாள்.

"காலேஜ்ல என்னை நாடகத்தம்மான்னு கூப்பிடுவாங்க" என்றார் அவர். "ரயில் டிக்கெட் கவுன்டர்ல இருந்தேன். ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகல. அங்க நடிக்க ஆள் கேட்டாங்கன்னு போனேன். வருஷா வருஷம் ஒரே வியாதி எனக்கு. பாவம், எத்தனை தடவை என் பல்லைப் புடுங்கியிருப்பாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, அன்னிக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டேவிட்டாள்.

"அதெல்லாம் சொல்லக்கூடாது கண்ணு. வாயைத் திறக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"சரிம்மா. வேண்டாம். கேட்டது தப்பு."

கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது. முடி கற்றை கற்றையாகத் தரையில் விழுந்தது. சற்று நேரம் கழித்து அந்த அம்மாள் கேட்டார்: "ஆமா, கையை வச்சு நான் உன்னைக் கண்டுபிடிச்சேன். என் மூஞ்சி உனக்கு ஏன் தெரியல?"

அதை அவர் தெரிந்தே கேட்டாரா, பேச்சுவாக்கில் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் தலையைத் துவட்டி, முடியை உலர்த்தி, படி இறங்கும்வரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள், காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வழக்கமாக நிற்கும் இடம். எதிரே கண்ணாடியில் அவள் முகம்.

அப்போதுதான் அந்த அறை ஞாபகத்துக்கு வந்தது. வெளிர் மஞ்சள் சுவர். அதில் ஒரு சுவிட்ச் போர்டு. மூன்றாவது சுவிட்ச் மட்டும் உடைந்திருந்தது. அவ்வளவு துல்லியமாக அது நினைவில் இருந்தது. ஏனென்றால் பேசிய நேரமெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். உள்ளே போனதும் கால்கள் பழக்கத்தில் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டன. கை பழக்கத்தில் தோளில் அமர்ந்துவிட்டது. கண் பழக்கத்தில் நேர் எதிரே கண்ணாடியைத் தேடியது. கண்ணாடி இல்லை. சுவரைப் பார்த்து, "கவலைப்படாதீங்கம்மா" என்று சிரித்திருக்கிறாள். பல்லெல்லாம் போகப் போகிறது என்று கேட்ட அந்த முகத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு வருடம் முழுக்க யார் யார் மேலோ பழி போட்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் கடையில் ஒரு புதுமை. முடியில் கை வைக்கும் முன், நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிவிட்டு, தான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க, எப்படி வெட்டணும்?" என்று கேட்டாள். முதலில் வந்தவர் மாதா மாதம் வருகிற கணக்கு டீச்சர்.

"என்னக்கா, என்னைத் திருப்பிப் போட்டுட்டீங்க? கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு."

"ரெண்டு நிமிஷம் டீச்சர். முகத்தைப் பாத்துப் பேசலாம்னு."

"இத்தனை நாள் எதைப் பாத்துப் பேசினீங்க?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், எதிரே உட்கார்ந்ததும் அவளுக்கு வாய் அடைத்துப் போயிற்று. கண்ணாடியில் ஒருவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். நேருக்கு நேர் பார்ப்பது வேறு. அங்கே பார்க்கிறவளும் பார்க்கப்படுகிறாள். அவள் வழக்கமாக அள்ளி வீசுகிற பேச்சில் ஒன்றுகூட வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். டீச்சரும் சும்மா இருந்தார். பிறகு, எப்போதும் "ரெண்டு இஞ்ச், சட்டுனு முடிங்க" என்று அதட்டுகிற அந்த டீச்சர், தணிந்த குரலில் சொன்னார்:

"முடி ரொம்பக் கொட்டுதுக்கா. கொத்துக் கொத்தா. வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

அத்தனை வருடம் அந்தத் தலையைக் கையாண்டவள் அவள். அன்றுதான் அதைக் கேட்டாள். டாக்டரிடம் போகச் சொல்லி, கூட வரட்டுமா என்றும் கேட்டாள்.

வீட்டில் கணவனை உட்கார வைத்தும் பழகினாள். அவன் சாப்பிட்ட கையைக் கழுவக்கூட விடவில்லை.

"முதல்ல கண்ணைச் சிமிட்டு" என்றான் அவன். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஆள் மாதிரி முறைக்கற."

"அப்பாவுக்கு எத்தனை பல்லும்மா எடுக்கப் போற?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"பேசாம படிடீ. ஏங்க, நிஜமாவே மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவன் யோசித்தான். "கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, நான் வந்துட்டேன்னு சொல்லுவேன். எவ்வளவு நேரம் ஆகும்னு கேப்பாங்க. தெரிஞ்சா சொல்லுவேன். தெரியலேன்னா தெரியலம்பேன். அஞ்சு நிமிஷம்னு சும்மா சொல்லி அரைமணி ஆச்சுன்னா, உள்ள இருக்கறவன் உடைஞ்சு போயிடுவான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பதான் சரியா பாக்கற" என்றான் அவன். எழுந்து கை கழுவப் போனான்.

தேர்வு நாள் வந்தது. கல்லூரி நடைகூடத்தில் வரிசையாக நாற்காலிகள். சுவர்களில் மருந்து நெடி. அவள் கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டாள். இடம் கொடு என்று கேட்கவில்லை. அந்த அறைக்குள் போகும்போது கால் பழைய இடத்துக்குப் போகாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டாள்.

அழைப்பு வந்தது. கதவைத் திறந்தாள். ஓரத்து மேஜையில் வயதான பேராசிரியர் ஒருவரும், மதிப்பெண் போடுகிற இளம் டாக்டர் ஒருத்தியும் இருந்தார்கள். நடுவில் சாய்வு நாற்காலி. அதில் நாடகத்தம்மா உட்கார்ந்திருந்தார். தோள்வரை வெட்டிய முடி. அவள் வெட்டிய முடி.

அந்த அம்மாள் நடிப்பில் கெட்டிக்காரர். கண்ணில் ஒரு பரிச்சயமும் இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "வாங்க டாக்டர்" என்றார் வலியோடு.

சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: நோயாளியாக நடிப்பவருக்கும் தேர்வு எழுதுபவருக்கும் முன் அறிமுகம் இருந்தால் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அவள் அதைப் படித்தாள். சொன்னால் இந்த அம்மாளுக்குக் கெட்ட பெயர். தனக்கும் என்ன ஆகுமோ தெரியாது. சொல்லாவிட்டால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதுதான். எல்லாம் நன்றாகவே முடிந்துவிடும். அந்த அம்மாளும் அதைத்தான் விரும்புகிறார். நமக்கு ஒருவர் செய்கிற நன்மையை எப்படி உடைப்பது?

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாடகத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் பழகியும் கண் நழுவி நழுவிக் கீழே போயிற்று. நடுவில் ஒரு பொய் இருந்தது; அதைத் தாண்டிப் பார்வை போகவில்லை.

அவள் எழுந்து மேஜைப் பக்கம் திரும்பினாள். "சார், இந்த அம்மாவை எனக்குத் தெரியும். என் கடையில முடி வெட்டிக்கிட்டாங்க."

இளம் டாக்டர் நிமிர்ந்தாள். பேராசிரியர் பேனாவை வைத்தார். "தேர்வைப் பத்திப் பேசினீங்களா?"

"நான் கேட்டேன் சார், போன வருஷம் என்ன தப்பு செஞ்சேன்னு. அவங்க சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஆனா அவங்க முகம் எனக்கு ஏன் தெரியலைன்னு கேட்டாங்க. அதுலேயே எனக்குப் புரிஞ்சு போச்சு. அவங்க மேல தப்பு இல்ல சார்."

"ஏம்மா, நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?" என்று நாடகத்தம்மாவிடம் கேட்டார் பேராசிரியர்.

அந்த அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "சொல்லியிருக்கணும் சார். இந்தப் பொண்ணு பாஸ் ஆகிறதை நானும் பாக்கணும்னு ஒரு ஆசை. வேற ஒண்ணும் இல்ல." எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே வெளியே போனார்.

இளம் டாக்டர்தான் ஆரம்பித்தாள். "சார், இன்னிக்கு வேற ஆள் இல்ல. இந்த அறையை முடிக்காம இவங்களுக்கு மார்க் போட முடியாது. ரூல்ஸ்படி பாத்தா..."

"ரூல்ஸ்ல நோயாளி யாருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பேராசிரியர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். "நான் உக்கார்றேன். நீ மார்க் போடு."

"நீங்களா சார்?"

"ஏன், எனக்குப் பல்லு இல்லியா?"

அவர் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். நடிப்பு அவருக்குச் சுத்தமாக வரவில்லை. "ஐயோ டாக்டர்! வலி தாங்கல டாக்டர்!" என்று அவர் முனகிய அழகில் இளம் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்துக்குள் குனிந்துவிட்டாள்.

அவள் ஸ்டூலை அவர் முழங்கால் அருகே இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். இப்போது பார்க்க முடிந்தது. களைத்த கண்கள். காலையில் சரியாக மழிக்காத தாடை.

"நல்ல செய்தி இல்ல சார். உங்க மேல் முன்பல்லு ஆறையும் எடுக்க வேண்டியிருக்கு."

அவர் முனகுவதை நிறுத்தினார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் வாய் நூறு ஆறுதல் சொல்லியிருக்கும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிவதைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"எப்போ பழையபடி சாப்பிட முடியும்?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாது சார். குத்துமதிப்பா ஒண்ணு சொல்லி உங்களை ஏமாத்தக் கூடாது. கேட்டுட்டு வந்து சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டது, எழுதி வைத்த கேள்விகளில் இருந்திருக்க முடியாது. "வகுப்புல என்னைப் பாத்துப் பசங்க சிரிப்பாங்களா?"

"முதல் நாள் சிரிக்கலாம் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடுவாங்க. அந்த முதல் நாளைக்குத்தான் நீங்க தயாரா இருக்கணும். வீட்ல யாராவது கூட வருவாங்களா, பல்லு எடுக்கிற அன்னிக்கு?"

"மனைவி வருவா" என்றார் பேராசிரியர் மெதுவாக. மணி அடித்தது.

வெளியே வந்து அவள் நாடகத்தம்மாவைத் தேடினாள். நடைகூடத்தில், வாசலில், பேருந்து நிறுத்தத்தில் எங்கும் இல்லை.

"நீ பேசாம இருந்திருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கணவன் கேட்டான். குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"மறைச்சு வச்சுக்கிட்டு எப்படிங்க அவங்க முகத்தைப் பாக்கறது? அந்த அறையில கேக்கறதே அதுதானே?" என்றாள் அவள். "ஆனா அவங்க என்னைப் பாக்காமலே போயிட்டாங்க. அதுதான் ஆறல."

இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்தபோது மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்று, "டாக்டரம்மா, ஊசி போட்டே புடுங்குங்க" என்று கும்பிட்டான். அவளும் சிரித்தாள், அழுதாள், முழங்காலிட்டு நன்றி சொன்னாள். ஆனால் எழுந்தவுடன் செய்த முதல் காரியம், கடையில் குறித்து வைத்திருந்த எண்ணைத் தேடி, நாடகத்தம்மாவுக்குப் போன் செய்து முகவரி கேட்டதுதான்.

அடுக்குமாடியில் மூன்றாவது தளம். மருமகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"இடம் கிடைச்சுடுச்சும்மா."

"தெரியும். உன் மூஞ்சியில எழுதியிருக்கு. உக்காரு."

"என் மேல கோபமா?"

"ஒரு வாரம் இருந்துச்சு. நல்லா திட்டினேன், மனசுக்குள்ள." அவர் உள்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இனிமே வர வேண்டாம்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. நியாயம்தான். ஆனா உனக்கு ஒண்ணு சொல்றேன். என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கு அழ இடமே இல்ல. இங்க அழுதா மருமக பதறிடுவா. புள்ள ஆபீஸ்லேருந்து ஓடி வருவான். அங்க போனா, பல்லுக்குத்தான் அழறேன்னு எல்லாரும் நினைச்சுப்பாங்க. நல்லா நடிக்கிறேன்னு பாராட்டு வேற!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

கல்லூரியில் சேருகிற நாளில் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, அவள் நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு உதவி."

"சேந்த அன்னிக்கே சிபாரிசா?" என்றார் அவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்தவராக. "தேர்வுக்கு அவங்களைக் கூப்பிட முடியாதும்மா. விதி விதிதான்."

"தேர்வுக்கு வேண்டாம் சார். நாங்க கத்துக்கிற வகுப்புக்கு? அதுல மார்க் கிடையாதே. தப்பா பேசினா தப்புன்னு அவங்களே சொல்லலாம். சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்க வேண்டியதும் இல்ல."

பேராசிரியர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். "அழுதா பசங்க பயந்துடுவாங்க. அவங்க ரொம்ப நிஜமா அழுவாங்க."

"தெரியும் சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "புதன்கிழமை வரச் சொல்லு" என்றார்.

அவள் மாடிப்படியில் நின்றே போன் செய்தாள். மேலும் கீழும் ஓடுகிற பிள்ளைகள், அவள் யாருடைய அம்மாவோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அம்மா, வகுப்புக்கு வர்றீங்களா? புதன்கிழமை. சார் கூப்பிடச் சொன்னார்."

"எத்தனை பேர் இருப்பீங்க?"

"வகுப்பு முழுக்க."

"அடிப்பாவி! அத்தனை பேரும் சேந்து என் பல்லைப் புடுங்கப் போறீங்களா?"

"ஆமாம்மா. வரிசையில நின்னு."

"எந்த பஸ்ல வரணும்?" என்றார் நாடகத்தம்மா.

"பஸ் வேண்டாம்மா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள்.